ஸ்னோமொபைல் டிராக்: டென்ஷனும் அலைன்மென்ட்டும் வீட்டிலேயே சரிசெய்வது எப்படி

ஒரு பக்க ஸ்லைடர் மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகிறதா? த்ராட்டிலைச் சட்டென்று அழுத்தும்போது அடியிலிருந்து 'தடக் தடக்' என்று இடிக்கும் சத்தம் வருகிறதா? த்ராட்டிலை விட்டதும் வண்டி கொஞ்ச தூரம்கூட உருளாமல் நின்றுவிடுகிறதா? இந்த மூன்றில் எது இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது டிராக்கைத்தான், அதாவது பனியில் ஓடும் இந்த வண்டியின் அடியில் சுற்றி அதை நகர்த்தும் அகலமான ரப்பர் பட்டையை. என் வண்டிக்கும், கேட்டு வரும் நண்பர்களின் வண்டிகளுக்கும் இந்த வேலையை நானே செய்கிறேன். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆனால் பொறுமை வேண்டும், அதிலும் அவசரமாகக் கிளம்பவேண்டிய காலை வேளையில் இதைத் தொடவே கூடாது.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். டென்ஷன் (டிராக்கின் விறைப்பு) ஒரு வேலை, அலைன்மென்ட் (டிராக் ஒரு பக்கம் ஒதுங்காமல் நடுவில் ஓடுவது) இன்னொரு வேலை என்று பலர் பிரித்துப் பார்க்கிறார்கள். இரண்டையும் செய்வது பின் ஆக்சிலில் இருக்கும் அதே இரண்டு அட்ஜஸ்டர் போல்ட்கள்தான். டிராக்கை நேராக்க ஒரு போல்ட்டைத் திருப்பினால் டென்ஷன் மாறுகிறது. டென்ஷனுக்காகத் திருப்பினால் டிராக் பக்கவாட்டில் நகர்கிறது. ஆகவே ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிற வேலையல்ல இது. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று இரண்டும் சேர்ந்து சரியாகும் வரை போய் வரவேண்டும்.

டிராக் ஏன் பக்கவாட்டில் நகர்கிறது என்பது புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. முன்னால், டிராக்கின் மேல் கூரைபோல் மூடியிருக்கும் டனலுக்குள், எஞ்சினின் விசையை வாங்கும் டிரைவ் ஷாஃப்ட்டில் பல்லுள்ள ஸ்ப்ராக்கெட்கள் இருக்கின்றன. அவை டிராக்கைப் பிடித்து இழுக்கின்றன. கனடாவில் கியூபெக்கின் வால்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசப்-அர்மான்ட் பொம்பார்டியே 1937-இல் காப்புரிமை வாங்கிய ஸ்ப்ராக்கெட்-டிராக் அமைப்பின் அடிப்படை இதுதான். 1959-இல் அவருடைய நிறுவனம் கொண்டுவந்த ஸ்கி-டூ வண்டியும், இன்று உங்கள் கொட்டகையில் நிற்கும் வண்டியும் இதே வழியில்தான் ஓடுகின்றன. கீழே, பின் சஸ்பென்ஷனில் நீளவாக்கில் இருக்கும் இரண்டு ரெயில்களின் அடியில் மாட்டிய பிளாஸ்டிக் ஸ்லைடர்களின் மேல் டிராக் வழுக்கிக்கொண்டு போகிறது. அந்த ஸ்லைடரைப் பலரும் ஹைஃபேக்ஸ் என்பார்கள். பின்னால், ஆக்சிலில் உள்ள ஐட்லர் சக்கரங்களை (எஞ்சின் விசை இல்லாமல் டிராக்கோடு சும்மா சுற்றுபவை) சுற்றித் திரும்புகிறது. டிராக்கின் உள்பக்கம் வரிசையாக இருக்கும் உலோகக் கிளிப்களின் காதுகள் ரெயிலை ஒட்டி ஓடி, டிராக் ஒரேயடியாக வெளியே போய்விடாமல் தடுக்கின்றன. தடுக்கின்றன, அவ்வளவுதான். டிராக்குக்கு வழிகாட்டுவது பின் ஆக்சில். ஆக்சில் சற்றே கோணலாக இருந்தால், விறைப்பான பக்கத்திலிருந்து தளர்வான பக்கத்துக்கு டிராக் நகரும். அப்போது கிளிப்பின் காது ஸ்லைடரின் விளிம்பை உரசத் தொடங்கும். அந்த உரசலில் சூடு வரும், தேய்மானம் வரும், எஞ்சினின் விசையும் வீணாகும்.

எடுத்து வைக்கவேண்டியவை: ஆக்சில் போல்ட்டுக்கும் லாக் நட்டுக்கும் பொருந்தும் ஸ்பேனர்கள், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), மில்லிமீட்டர் அளவுகோல், தொங்கவிட ஒரு எடை அல்லது கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசு, சாக்பீஸ், டார்ச், பாதுகாப்புக் கண்ணாடி, வண்டியின் பின்பக்கத்தைத் தாங்கும் அகலமான அடியுள்ள ஸ்டாண்ட். அப்புறம் உங்கள் வண்டியின் கையேடு. அதை ஒரு கருவியாகவே எண்ணுங்கள்.

தூக்கி நிறுத்துவது

இதை நான் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. இந்த வேலையில் ஆபத்து முழுவதும் இங்கேதான் இருக்கிறது. வண்டியின் பின் பம்பரைத் தூக்கி, டிராக் தரையைத் தொடாமல் தாராளமாகச் சுற்றும் உயரத்தில் ஸ்டாண்டில் வையுங்கள். தனியாகத் தூக்க முயலவேண்டாம். துணைக்கு ஒருவர் இருக்கட்டும், இல்லையென்றால் ஹாயிஸ்ட் வைத்துத் தூக்குங்கள். முன்னால் சறுக்கும் ஸ்கிகளின் முனை ஒரு உறுதியான சுவரை முட்டி நிற்கட்டும். ஸ்டாண்ட் நழுவி, சுற்றுகிற டிராக் தரையைத் தொட்டால் வண்டி முன்னால்தான் பாயும். அந்தப் பாய்ச்சலைத் தடுக்கத்தான் சுவர்.

டிராக் சுற்றும்போது அதற்குப் பின்னால் ஒருவரும் நிற்கக்கூடாது, குழந்தைகளும் நாயும் உட்பட. டிராக்கில் ஒட்டிய கல், பனிக்கட்டி, உடைந்த கிளிப் எல்லாம் பின்னோக்கித்தான் பறக்கும். ஸ்டட் (பிடிமானத்துக்கான கூரான உலோக முளை) அடித்த டிராக்காக இருந்தால் இன்னும் கவனம். பிய்ந்து வரும் ஒரு ஸ்டட் ஆளைத் துளைக்கக்கூடியது. கழுத்துத் துண்டு, தொங்கும் கயிறு, அவிழ்ந்த முடி இவையெல்லாம் டிராக்கின் அருகே வேண்டாம். எஞ்சின் ஓடும்போது கையோ அளவுகோலோ டனலுக்குள் போகக்கூடாது. அளப்பதெல்லாம் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகுதான். டெதர் கயிறு (கழற்றினால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு) இருந்தால் அதையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூடிய கராஜில் எஞ்சினை ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கதவைப் பாதி திறந்து வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு, போதாது. முடிந்தால் வண்டியை வெளியிலேயே நிறுத்தி வேலை செய்யுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்லைடருக்கு மசகும் குளிர்ச்சியும் பனிதான் தருகிறது. ஸ்டாண்டில் பனி இல்லை. ஆகவே ஓட்டும் முன் ஸ்லைடரின் நீளம் முழுவதும் சோப்புத் தண்ணீர் தெளித்துவிடுங்கள். வேகத்தைக் கூட்டாதீர்கள், நீண்ட நேரமும் ஓட்டாதீர்கள். திரவக் குளிரூட்டல் உள்ள வண்டிகளில் டனலுக்குள் இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கும் பனி வந்து மோதினால்தான் வேலை நடக்கும். பனி இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் வெகு சீக்கிரம் சூடேறும்.

திருப்பும் முன் பாருங்கள்

ஸ்பேனரை எடுக்கும் முன் நான் பார்ப்பதற்கென்றே நேரம் ஒதுக்குவேன். அலைன்மென்ட் கெட்டிருக்கிறது என்று கொண்டுவரப்படும் வண்டிகளில், போல்ட் தன் இடத்தில் சரியாகவே இருக்க, குற்றம் வேறெங்கோ இருப்பதை அடிக்கடி காண்கிறேன். அப்படிப்பட்ட வண்டியில் போல்ட்டைத் திருப்பி நேராக்கினால் கோளாறை மூடி மறைத்ததாகத்தான் ஆகும்.

சஸ்பென்ஷனில் உறைந்த பனியையும் சேற்றையும் முழுக்க எடுத்துவிடுங்கள். ஒரு ஐட்லர் சக்கரத்தின் பின்னால் இறுகிய பனிக்கட்டி ஒன்று போதும், நீங்கள் எடுக்கும் எல்லா அளவும் பொய்யாகிவிடும். பிறகு டிராக்கில் ஓரிடத்தில் சாக்பீஸால் குறிபோட்டு, கையால் மெல்ல ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். டிரைவ் பெல்ட்டைக் கழற்றிவிட்டால் சுற்றுவது எளிது. ஆனால் பெல்ட் இல்லாமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யக்கூடாது, அதை மறக்கவேண்டாம். சுற்றும்போது பாருங்கள்: ரப்பர் பற்கள் கிழிந்திருக்கின்றனவா, ஏதாவது கிளிப் காணாமல் போயிருக்கிறதா, ஓரம் நார்நாராகப் பிரிந்திருக்கிறதா? டிராக்கின் குறுக்கே ரப்பருக்குள் ஃபைபர் கிளாஸ் கம்பிகள் ஓடுகின்றன. ஓரிடம் மட்டும் நடுவில் மடங்கித் தொங்கினால் அங்கே கம்பி உடைந்திருக்கிறது என்று பொருள். அதை எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் சரிசெய்யாது.

ஐட்லர் சக்கரம் ஒவ்வொன்றையும் தனித்தனியே விரலால் சுற்றிப் பாருங்கள். சத்தமில்லாமல் சுற்றவேண்டும். கரகரவென்று இருந்தால் பேரிங் போய்விட்டது. பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக்கூடாது. ஓர ரப்பர் உரிந்த சக்கரத்தை அப்படியே விடவேண்டாம்.

அப்புறம் ஸ்லைடர். அதில் பெரும்பாலும் தேய்மான வரம்பைக் காட்டும் கோடோ பள்ளமோ இருக்கும். அந்த வரம்பு எட்டிவிட்டால் முதலில் ஸ்லைடரை மாற்றுங்கள், அட்ஜஸ்ட்மென்ட் அதன் பிறகு. ஏனென்றால் புதிய ஸ்லைடர் தடிமனானது, அதை மாட்டியதும் டிராக் விறைப்பாகிவிடும். நீங்கள் முன்பு வைத்த டென்ஷன் பயனற்றுப்போகும். இரண்டு பக்கத் தேய்மானத்தையும் ஒப்பிட்டும் பாருங்கள். ஒரு பக்க ஸ்லைடரின் விளிம்பு மட்டும் கத்தியால் சீவியதுபோல் இருந்தால் டிராக் வெகு காலமாக ஒரு பக்கம் ஒதுங்கி ஓடியிருக்கிறது.

கடைசியாக, பின் ஆக்சிலின் மையத்திலிருந்து ரெயிலின் பின்முனை வரை இடப்பக்கமும் வலப்பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கவேண்டும். பின் சஸ்பென்ஷனில் டார்ஷன் ஸ்பிரிங் உள்ள வண்டியானால் அதன் இறுக்க நிலை இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் ஒரு நிலையிலும் மறுபக்கம் வேறொரு நிலையிலும் இருந்தால் சஸ்பென்ஷனே சாய்ந்து நிற்கும்.

டென்ஷன்

டென்ஷன் என்று நாம் அளப்பது உண்மையில் தொய்வை. டிராக்கின் கீழ்ப்பகுதியில் குறிப்பிட்ட எடையைத் தொங்கவிட்டு, ஸ்லைடரின் அடிப்பரப்புக்கும் டிராக் கிளிப்பின் உட்பரப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று பார்க்கிறோம். எடையும் இடைவெளியும் தொங்கவிடும் இடமும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். போலாரிஸ் வண்டிகள் பலவற்றில் பின் ஐட்லர் சக்கரத்தின் மையத்திலிருந்து 40 செ.மீ. முன்னால் 4.5 கிலோ தொங்கவிடச் சொல்வார்கள். ஸ்கி-டூ வண்டிகள் பலவற்றில் 7.3 கிலோ, யமஹா வண்டிகள் பலவற்றில் 10 கிலோ. இடைவெளி பல வண்டிகளில் 20 முதல் 35 மி.மீ.க்குள் எங்காவது வரும். ஒரே நிறுவனத்துக்குள்ளேயே மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் நண்பரின் வண்டி எண்ணை உங்கள் வண்டிக்குப் போடாதீர்கள். 10 கிலோவுக்கான இடைவெளியை 4.5 கிலோ தொங்கவிட்டுத் தேடினால், டிராக்கை அளவுக்கு மீறித் தளர்த்திவிடுவீர்கள்.

எடைக்கு உறுதியான பையில் மணலை நிரப்பித் தராசில் நிறுத்துக்கொள்ளலாம். நான் ஸ்பிரிங் தராசைத்தான் விரும்புவேன். கொக்கியை டிராக்கில் மாட்டிக் கீழே இழுத்து, முள் சரியான எண்ணில் நிற்கும்போது உதவியாளர் அளவுகோலை வைத்துப் பார்ப்பார். இடம், வலம் இரண்டு பக்கமும் அளக்கவேண்டும்.

திருத்துவது இப்படி: பின் ஆக்சிலின் இரு முனையிலும் உள்ள போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். கழற்றவேண்டாம், ஆக்சில் நகர இடம் கிடைத்தால் போதும். அட்ஜஸ்டர் போல்ட்டில் லாக் நட் இருந்தால் அதையும் தளர்த்துங்கள். அட்ஜஸ்டரை உள்ளே முடுக்கினால் பெரும்பாலான வண்டிகளில் ஆக்சில் பின்னால் தள்ளப்பட்டு டிராக் விறைக்கும், எதிர்த்திசையில் திருப்பினால் தளரும். இரண்டு பக்கமும் ஒரே அளவு திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் டிராக்கைச் சில சுற்றுகள் சுற்றிவிட்டு, அதன் பிறகு அளக்கவேண்டும். திருப்பியவுடன் அளந்தால் டிராக் இன்னும் தன் இடத்தில் அமர்ந்திருக்காது.

எது மோசம், தளர்வா விறைப்பா? தளர்வு சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்ப்ராக்கெட்டின் பல் டிராக்கின் பிடியிலிருந்து நழுவித் தாவும்போது வரும் அந்த இடிச் சத்தத்தை ராட்செட்டிங் என்பார்கள். முழு த்ராட்டிலிலும் பலமாகப் பிரேக் பிடிக்கும்போதும் கேட்கும். அதை அலட்சியம் செய்தால் டிராக்கின் உள்பற்கள் உடையும். விறைப்பு சத்தமே போடாது. ஸ்லைடரைத் தின்னும், பேரிங்கை வாட்டும், பெட்ரோலைக் குடிக்கும், வேகத்தைக் குறைக்கும். ஓட்டுபவர் எஞ்சினைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். ராட்செட்டிங்குக்குப் பயந்து டிராக்கைக் கம்பியாக இறுக்கி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கையேடு சொல்லும் வரம்புக்குள் இருந்தும் ராட்செட்டிங் வந்தால் ஸ்ப்ராக்கெட்டின் பற்களைப் பாருங்கள். இன்னும் இறுக்கிச் சத்தத்தை அடக்கப் பார்க்காதீர்கள்.

அலைன்மென்ட்

எஞ்சினை ஸ்டார்ட் செய்து சற்று சூடாகவிடுங்கள். பிறகு த்ராட்டிலை மெதுவாக அழுத்துங்கள். கிளட்ச் பிடித்து டிராக் சுற்றத் தொடங்கும் அந்த வேகமே போதும். நிதானமாகச் சில சுற்றுகள் ஓடட்டும். பிறகு த்ராட்டிலை விட்டுவிட்டு, டிராக் தானாக நிற்கும் வரை காத்திருங்கள். பிரேக்கைத் தொடாதீர்கள். இந்த வேலையில் மிக முக்கியமான ஒரு படி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பிரேக் பிடித்தால் டிராக் திடீரென்று இழுபட்டு, ஓடும்போது இருந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடும். நீங்கள் அளப்பது பிரேக் தந்த நிலையாக இருக்கும், ஓட்டத்தின் நிலையாக இருக்காது. தானாக ஓய்ந்து நின்றால்தான் அது உண்மையில் ஓடிய இடத்தைக் காட்டும்.

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின்னால் வாருங்கள். டார்ச் வெளிச்சத்தில், டிராக்கின் சன்னல் போன்ற துளைகள் வழியாக ரெயில் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். துளையின் நடுவில், இரு பக்கமும் ஒரே மாதிரி தெரியவேண்டும். துளை இல்லாத டிராக்கில் கிளிப்பின் காதுக்கும் ஸ்லைடருக்கும் நடுவே உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்து ஒப்பிடுங்கள். கண்ணை மட்டும் நம்பாமல் அளவுகோலையும் வையுங்கள். குனிந்து பார்க்கும் கோணம் ஏமாற்றும்.

விதி ஒன்றே ஒன்று: டிராக் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்து அட்ஜஸ்டரை முடுக்குங்கள். இடம், வலம் என்பது வண்டியில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும் நிலையில். டிராக் இடப்பக்கம் ஒதுங்கினால் இடப்பக்கம் தளர்வு. அதை முடுக்கினால் டிராக் வலப்பக்கம் திரும்பி வரும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். திருப்பினீர்களா, மறுபடி மெதுவாக ஓட்டி, தானாக நிற்கவிட்டு, அளந்து பாருங்கள்.

டென்ஷனும் அலைன்மென்ட்டும் ஒன்று என்று மேலே சொன்னேன் அல்லவா, அது இங்கே கைகொடுக்கும். இடப்பக்கம் ஒதுங்கிய டிராக்கைத் திருத்த இரண்டு வழி உண்டு: இடதை முடுக்கலாம், அல்லது வலதைத் தளர்த்தலாம். எதைச் செய்வது என்பதைத் தொய்வு அளவு சொல்லும். தொய்வு கையேட்டின் வரம்பில் அதிகமாக இருந்தால் இடதை முடுக்குங்கள், குறைவாக இருந்தால் வலதைத் தளர்த்துங்கள். நடுவில் இருந்தால் இடதை அரைக்கால் சுற்று முடுக்கி வலதை அரைக்கால் சுற்று தளர்த்துங்கள். இப்படிச் செய்தால் டிராக் நடுவுக்கு வந்து சேரும்போது டென்ஷனும் தன் இடத்திலேயே இருக்கும். எப்போதும் முடுக்கிக்கொண்டே நேராக்குபவர்களின் டிராக் கடைசியில் நேராக இருக்கும், ஆனால் தேவைக்கு மேல் விறைத்திருக்கும்.

சரி, நேராகிவிட்டது. இன்னும் முடியவில்லை. ஆக்சில் போல்ட்டுகளைக் கையேடு சொல்லும் டார்க்கில் இறுக்கவேண்டும். அட்ஜஸ்டர் திரும்பிவிடாமல் ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இன்னொன்றால் இறுக்குங்கள். இப்படி இறுக்கும்போதே ஆக்சில் ஒரு மயிரிழை நகரக்கூடும். ஆகவே மறுபடியும் ஓட்டி, நிற்கவிட்டு, இரண்டு அளவையும் எடுங்கள். மாறியிருந்தால் தளர்த்தித் திருத்துங்கள். இந்தக் கடைசிச் சோதனையைச் செய்யாமல் வண்டியை இறக்குவதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்கமாட்டேன்.

எவ்வளவு திருப்பியும் டிராக் நடுவுக்கு வரவில்லையென்றால், அல்லது இடது வலது அட்ஜஸ்டர்களுக்குள் பெரிய வேறுபாடு வைத்தால்தான் வருகிறது என்றால், நிறுத்திவிடுங்கள். ரெயில் வளைந்திருக்கலாம், பின் ஆக்சில் வளைந்திருக்கலாம். ஐட்லர் சக்கரத்தின் பக்கத்தில் இருக்கவேண்டிய ஸ்பேசர் பழைய பழுதின்போது மாறிப் போடப்பட்டிருக்கலாம். டிராக்கே ஒரு பக்கம் அதிகம் நீண்டிருக்கலாம். நீண்ட நேரான பட்டையை ரெயிலின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.

எப்போதெல்லாம் பார்ப்பது? பருவத் தொடக்கத்தில் ஒரு முறை கட்டாயம். புது டிராக் முதல் சில ஓட்டங்களிலேயே நீளும், ஆகவே அப்போது அடிக்கடி பார்க்கவேண்டும். ஸ்லைடர் மாற்றினால், கல்லிலோ கட்டையிலோ பலமாக மோதினால், சஸ்பென்ஷன் விரியும் அளவைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் பட்டையையோ ஸ்பிரிங்கையோ மாற்றினால் மறுபடி பாருங்கள். சஸ்பென்ஷன் நிற்கும் நிலை மாறும்போது டிராக் போகும் பாதையின் நீளமும் மாறுகிறது என்பதை அட்ஜஸ்ட் செய்பவர்களே மறந்துவிடுகிறார்கள்.

ஸ்டாண்டில் சரியாக வந்த டிராக்கைப் பனியில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, எஞ்சினை நிறுத்தி, டிராக்கின் சன்னல் வழியாக இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். உங்கள் எடை ஏறியபின் அது எப்படி ஓடுகிறது என்பது அங்கேதான் தெரியும். வீடு திரும்பியதும் தொய்வு எத்தனை மி.மீ., எந்த எடையில், ஆக்சிலிலிருந்து ரெயில் முனை வரை இடது எவ்வளவு, வலது எவ்வளவு என்று தேதியோடு கையேட்டின் பின்பக்கம் எழுதிவையுங்கள். அடுத்த முறை அளக்கும்போது டிராக் நீண்டிருக்கிறதா, ஆக்சில் நகர்ந்திருக்கிறதா என்பதை அந்த எண்களை வைத்தே சொல்லிவிடலாம்.